கவசுமிக்கு எப்படி இவ்வளவு ரசிகர்கள்?

கல்லடி கோச்:
பின்னேரங்களில் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். 2011 மகளிர் உலகக் கிண்ண அரையிறுதியை, ஜப்பானும் சுவீடனும் ஆடியதை, போனில் போட்டுக் காட்டினேன். அதிலிருந்து எல்லாருக்கும் ஜப்பான் வீராங்கனை நஹோமி கவசுமி பைத்தியம். ஆனால் அந்தத் தொடரில் ஜப்பான் தலைவி ஹொமாரே சவா, 5 கோல் போட்டு முதலிடம் வந்ததும் அவர், சிறந்த வீராங்கனையும் அவர்தான். அப்படியிருக்க ஜப்பானிலேயே கவசுமிக்கு இவ்வளவு மவுசு எப்படி வந்தது? அழகு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

ஏறாவூர் விங்:
அண்ணா, அந்த ஆட்டத்திலேயே பதில் இருக்கிறது. அதுவரை மாற்று வீராங்கனையாக இருந்தவரை அரையிறுதியில்தான் முதல் நிமிடத்திலிருந்து இறக்குகிறார்கள். 10ஆவது நிமிடத்தில் சுவீடன் முந்திவிட, 19இல் சமன் செய்கிறார். 64ஆவது நிமிடத்துக் கோலைக் கவனியுங்கள். கோல் காப்பாளர் முன்னுக்கு ஓடிவந்து பந்தைத் தடுக்க, அது தெறித்து வெகுதூரத்தில் நின்ற கவசுமியிடம் வருகிறது, அவர் பதறாமல் தலைக்கு மேலால் தூக்கி வெறும் கோலுக்குள் போடுகிறார். 3-1. பெயர் தெரியாத ஒருத்தி ஒரே இரவில் அப்படி ஆடினால் சனம் மறக்காது.

நாவலடி அக்கா:
தம்பி சொல்வது சரி, ஆனால் அந்த வருசம் மார்ச் 11 அங்கே சுனாமி. நாலு மாதம் கழித்து ஜூலை 17 இறுதியாட்டத்தில் அமெரிக்காவைப் பெனால்டியில் வென்றார்கள். 2004இல் கடல் எங்கள் ஊரை வாரிக்கொண்டு போன பிறகு ஒரு நல்ல செய்திக்கு நாங்கள் எப்படி ஏங்கினோம் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தச் சனம் இந்தப் பிள்ளைகளைத் தலையில் தூக்கி வைத்ததில் ஆச்சரியமே இல்லை. மறுகா கவசுமியின் கழகம் ஐநாக் கோபே ஆடிய லீக் ஆட்டங்களுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். அதற்கு முன் அந்த லீக்கைப் பார்க்க வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

கல்முனை மச்சான்:
அழகையும் பத்திரிகைகள் எழுதித் தள்ளின, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது மட்டும் என்றால் ஒரு வருசத்தில் அடங்கியிருக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி, பிறகு அமெரிக்க லீக்கில் சியாட்டில், 2015 உலகக் கிண்ண அரையிறுதியில் கடைசி நேரத்தில் அவர் கோலுக்கு முன்னால் போட்ட கிராஸ்தான் இங்கிலாந்துக்காரியின் காலில் பட்டு சொந்தக் கோலானது. முக்கியமான விசயம், கோபேச் சனத்துக்கு அவரைப் போய்ப் பார்க்க லீக் என்று ஒன்று இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு வலய மட்டம், வென்றால் மாகாண மட்டம், அதோடு பூட்ஸைக் கட்டி வைக்க வேண்டியதுதான். ஆட்டமே இல்லாமல் ஆர் அவர்களின் பெயரைக் கேட்கப்போகிறார்கள்? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

கல்லடி கோச்:
கோபம் நியாயம்தான். ஏறாவூர்த் தம்பி, உங்கள் பக்கம் பிள்ளைகள் சேர்ந்தால் சனிக்கிழமை வெயில் தாழ நாலு மணிக்கு ஒரு சிநேகபூர்வ ஆட்டம் வைப்போமா? பந்தும் விசிலும் என்னிடம் இருக்கிறது. தாய்மாரையும் கட்டாயம் கூட்டி வாருங்கள்.

ஏறாவூர் விங்:
ஏழு பேர் இப்போதே சரி அண்ணா. மிச்சத்தை நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்.