‘மைக்ரேஷன் மாடல்’: குடிபெயர்வு மாதிரியுரு எனலாமா?

அன்புடையீர்,

எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை பேர் குடிபெயர்வார்கள் என்று கணிக்க வட்டாரத் திட்டமிடலில் பயன்படும் ‘மைக்ரேஷன் மாடல்’ என்னும் கணக்குமுறைக்குப் புலம்பெயர்வு மாதிரி, இடப்பெயர்வு மாதிரி, மக்கள் நகர்வு மாதிரி என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் முதற்பகுதி ஒரு குழப்பத்தையும், ‘மாதிரி’ என்னும் பிற்பகுதி வேறொரு குழப்பத்தையும் உண்டாக்குகின்றன. ‘குடிபெயர்வு மாதிரியுரு’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

புலம்பெயர்வு என்றதும் நாடு கடந்து சென்றவர்களே நினைவுக்கு வருகிறார்கள். இடப்பெயர்வு என்பதில் போராலோ வெள்ளத்தாலோ துரத்தப்பட்டவர்களின் சாயல் ஏறிவிட்டது. நகர்வு என்பதோ அளவுக்கு மீறி அகன்ற சொல். காலையில் வேலைக்கு வந்து மாலையில் வீடு திரும்புபவரும் அதில் அடங்கிவிடுவார். அவருக்குத் தேவை பேருந்தில் ஓர் இருக்கை; குடும்பத்தோடு வந்து தங்குபவருக்குத் தேவை வீடும் குடிநீர் இணைப்பும் பள்ளியில் இடமும். இருவரையும் ஒரே கணக்கில் எண்ணினால் திட்டமே பிழையாகும். வழக்கமான உறைவிடம் மாறியதா என்பதுதான் கணக்கெடுப்பின் அளவுகோல். வீடு மாறுவதைக் ‘குடிபோவது’ என்று பேச்சிலேயே சொல்வதால், ‘குடி’ அந்த அளவுகோலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. அன்றாடம் போய்வருவதை ‘நாட்பயணம்’ எனலாம். இரண்டுக்கும் பொதுவாக ‘மக்கள் நகர்வு’ இருக்கட்டும்.

‘மாதிரி’ என்பது ‘சாம்பிள்’, ‘மாடல்’ ஆகிய இரண்டுக்கும் வழங்குகிறது. “குடிபெயர்வு மாதிரியைக் கொண்டு கணித்தோம்” என்னும் தொடரைப் படிப்பவர், சில வீடுகளைத் தேர்ந்து விசாரித்தார்கள் என்று கொள்வாரா, சமன்பாடு எழுதினார்கள் என்று கொள்வாரா? புள்ளியியலில் இரண்டுமே ஒரே பக்கத்தில் வரும். இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘மாதிரியுரு’ இந்தச் சிக்கலை முன்பே தீர்த்திருக்கிறது. புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

அடுத்து, செயலையும் ஆளையும் பிரித்தாக வேண்டும். ஐந்தாண்டுக்கு முன் எங்கிருந்தீர்கள் என்று கேட்டுப் பெறும் எண்ணிக்கை, ஓராண்டுக்கு முன் எங்கிருந்தீர்கள் என்று கேட்டுப் பெறும் எண்ணிக்கையைப் போல் ஐந்து மடங்காக இருப்பதில்லை. இடையில் போய்த் திரும்பியவர்கள் விடுபடுகிறார்கள், பலமுறை மாறியவர் ஒருமுறையே எண்ணப்படுகிறார். ஆகவே நிகழ்ச்சிக்குக் ‘குடிபெயர்வு’ என்றும் ஆளுக்குக் ‘குடிபெயர்ந்தோர்’ என்றும் கண்டிப்பாக வேறுபடுத்துவோம்.

இதனால்தான், வந்தோர் எண்ணிக்கைக்கும் போனோர் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை ‘நிகரக் குடிபெயர்வு’ என்பதை ஏற்கும் நான் ‘நிகரக் குடிபெயர்ந்தோர்’ என்பதை ஏற்கத் தயங்குகிறேன். அப்படி ஓர் ஆள் உலகில் இல்லை; பல வட்டாரங்களின் மக்கள்தொகையை ஒருசேரக் கணிக்கும் பல்வட்டார மக்கள்தொகைக் கணிதத்தை வளர்த்த ஆண்ட்ரே ராஜர்ஸ் 1990இல் இதையே வலியுறுத்தினார். பிறப்பு, இறப்புகளை ஒதுக்கிவிட்டு ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 1,00,000 பேர் வாழும் முதல் வட்டாரத்திலிருந்து ஆண்டுக்கு 4 விழுக்காட்டினர் இரண்டாம் வட்டாரத்துக்கும், 50,000 பேர் வாழும் இரண்டாம் வட்டாரத்திலிருந்து 2 விழுக்காட்டினர் முதல் வட்டாரத்துக்கும் செல்கிறார்கள். போனவர் 4,000, வந்தவர் 1,000, நிகரம் 3,000. இந்த 3,000 பேரை முதல் வட்டாரத்தின் 3 விழுக்காட்டு இழப்பாக மட்டும் குறித்துக்கொண்டு ஆண்டுதோறும் கழித்துக்கொண்டே போனால், அவ்வட்டாரம் மெல்ல மெல்லக் காலியாகிவிடும். இரு திசை வீதங்களையும் ஓர் அணியில் (‘மேட்ரிக்ஸ்’) தனித்தனியே வைத்துப் பெருக்கினாலோ, முதலாவதில் 50,000, இரண்டாவதில் 1,00,000 என்னும் நிலையை நோக்கிக் கணக்கு நகரும். அங்கே இரு பக்கமும் 2,000 பேர் கடப்பதால் தொகை மாறாது. இவ்வணியை ‘குடிபெயர்வு அணி’ என்றும், அதன் மூலைவிட்டத்தில் வரும், வட்டாரம் மாறாதவர்களைத் ‘தங்கியோர்’ என்றும் சொல்லலாம்.

‘கிராவிட்டி மாடல்’ என்பதற்கு ‘ஈர்ப்பு மாதிரியுரு’ என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. இரு ஊர்களின் மக்கள்தொகைப் பெருக்கற்பலன் கூடக் கூடப் பெயர்வு மிகும், தொலைவு கூடக் கூடக் குறையும் என்பதே அதன் அடிப்படை. பெரும்பாலோர் சிறு தொலைவே பெயர்கிறார்கள் என்று புவியியலாளர் ராவென்ஸ்டைன் 1885இலேயே எழுதினார், மொழியியலாளர் ஸிப்ஃப் 1946இல் அதற்கொரு வாய்பாட்டு வடிவம் கொடுத்தார். ஆனால் ஓர் ஊர் தன்பால் மக்களை வரவழைக்கும் காரணமான ‘புல் ஃபேக்டர்’ என்பதையும் சிலர் ‘ஈர்ப்புக் காரணி’ என்றே எழுதுகிறார்கள். சம்பளமும் கல்லூரியும் சமன்பாட்டில் தனி மாறிகளாக வரும்போது இவ்விரு ஈர்ப்புகளும் மோதும். ஆகவே அதற்கு ‘இழு காரணி’ என்பதையே கொள்வோம். ஊரைவிட்டு வெளியேறத் தூண்டும் ‘உந்து காரணி’யோடும் அது இணையும். தொலைவு கூடும்போது பெயர்வு குறைவதற்குத் ‘தொலைவுத் தேய்வு’ போதும்.

வழியிலேயே கிடைக்கும் வாய்ப்புகள் தொலைவான ஊருக்குப் பெயர்வதைக் குறைக்கும் என்று சமூகவியலாளர் ஸ்டௌஃபர் 1940இல் கூறியதற்கு ‘இடைப்படு வாய்ப்பு’ தடையின்றிப் பொருந்தும். 2012இல் வெளியான ‘ரேடியேஷன் மாடல்’ என்னும் மற்றொரு கணிப்புமுறையின் பெயர் பற்றித்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது. கதிர்வீச்சு என்றால் அணு உலை நினைவுக்கு வருமென்பது உண்மையே. எனினும், புறப்படும் ஊரை மையமாக்கி, சேருமிடம்வரை ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் வாழும் மற்றவர்களின் தொகையைத் தொலைவுக்குப் பதிலாக அது எடுத்துக்கொள்கிறது; துகள்கள் உமிழப்பட்டு வழியில் உட்கொள்ளப்படும் இயற்பியல் கருத்திலிருந்து பிறந்த பெயரை மாற்றினால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். அதனால் ‘கதிர்வீச்சு மாதிரியுரு’ என்பதையே நான் ஆதரிக்கிறேன்.