கோபால்ட் நீலம் அச்சில் ஊதாவாகிறது, வழி சொல்லுங்கள்

அம்மா வரைந்த ஒரு வாட்டர்கலர் ஓவியத்தைப் பருத்திக் காகிதத்தில் அச்செடுக்க மூன்று வாரமாக முயல்கிறேன். மற்ற நிறங்கள் ஓரளவு சரியாகிவிட்டன, வானத்துக் கோபால்ட் நீலம் மட்டும் ஒவ்வொரு முறையும் ஊதா கலந்தே வருகிறது. அசலை அச்சுக்குப் பக்கத்தில் வைத்தால் அச்சு வேறு ஏதோ ஒரு மாலை நேரம் போல் இருக்கிறது, எனக்கு மனசே ஒப்பவில்லை.

ஓவியம் 30க்கு 40 செ.மீ. அதைப் படமெடுக்க 24 மெகாபிக்சல் கேமரா, மேக்ரோ லென்ஸ், இரு பக்கமும் 45 டிகிரியில் 5000 கெல்வின் எல்இடி விளக்குகள், ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலப் படம்), 16 பிட், அடோபி ஆர்ஜிபி நிற வரம்பு. அச்சுக்குப் பத்து மை பிக்மென்ட் பிரின்டர், 310 ஜிஎஸ்எம் மேட் காகிதம்.

நிறத்தைச் சரியாகக் காட்டும்படி மானிட்டரை கேலிபரேட் செய்துவிட்டேன், 24 கட்ட நிற அட்டை வைத்து கேமரா புரொஃபைலும் (கேமராவின் நிறங்களைத் திருத்தும் கோப்பு) போட்டேன், பிரின்டர் அந்தக் காகிதத்தில் நிறத்தைச் சரியாகத் தருவதற்கான ஐசிசி புரொஃபைலும் சரிதான். ஆனால் திரையிலேயே ஊதா தெரிவதால் கோளாறு படமெடுப்பதில்தான் என்று நினைக்கிறேன். கோபால்ட் நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஆழ்சிவப்பு ஒளியையும் பிரதிபலிக்கும், அதை சென்சார் பிடித்துக்கொள்கிறது போல. நீலத்தை மட்டும் திருத்தினால் மலை நிழலில் இருக்கும் அல்ட்ராமரைன் என்ற இன்னொரு நீலம் பச்சையாகச் சாய்கிறது. ஸ்கேனரில் நீலம் நன்றாக வந்தது, அப்புறம் பார்த்தால் மேகத்தின் ஓரத்து மெல்லிய வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) அப்படியே வெள்ளையாகப் போயிருந்தது.

கோபால்ட் நீல ஓவியங்களைப் படமெடுத்துப் பழகியவர்களே, லென்ஸில் அகச்சிவப்பு தடுக்கும் ஃபில்டர் போட்டால் இந்த ஊதா போகுமா?