மார்கழிக் குளிருக்கு வீட்டில் கம்பளம் விரித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பள்ளத்தூர் வள்ளி:

போன மார்கழியில் நடந்தது, இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. எங்க வீடு உங்களுக்கெல்லாம் தெரிஞ்ச மாதிரி செட்டிநாட்டு வீடுதான். முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு எல்லாத்துலயும் தரை ஆத்தங்குடிக் கல். சித்திரையில அதுல வெறுந்தரையாப் படுத்துத் தூங்கலாம். மார்கழியில பிள்ளையார் நோன்பு நெருங்கும்போது விடியற்காலையில கால் வைக்க முடியாது. அப்பத்தாவுக்கு முட்டிவலி வேற. கட்டிலை விட்டு இறங்கினா விரலை மடக்கிக்கிட்டு குதிகாலாலேயே நடப்பாங்க.

அந்த நேரத்துலதான் ஒருத்தர் பைக் பின்னாடி சுருள் சுருளாக் கட்டிக்கிட்டுத் தெருவுக்குள்ள வந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் நல்லாவே பேசினார். உத்தரப் பிரதேசத்துப் பதோகிச் சரக்கு, சுத்தமான ஆட்டு ரோமம், கையால முடிச்சுப் போட்டதுன்னு சொன்னார். ஐயா நம்பலை. உடனே அவர் குனிஞ்சு ஓரத்துல எதையோ உருவி லைட்டரைப் பத்த வச்சார். முகப்பு முழுக்க முடி கருகுற வாடை. நுனி கறுத்துச் சுருண்டு, விரலால தேய்ச்சதும் பொடியா உதிர்ந்துச்சு. "பிளாஸ்டிக்கா இருந்தா உருகி உருண்டை கட்டிக்கும் ஐயா, பாத்துக்குங்க"ன்னார். ஐயா உள்ள போய்ப் பணத்தை எடுத்துட்டு வந்துட்டாங்க.

வண்டி தெருமுனை திரும்பின பிறகுதான் எனக்கு உறைச்சது. அவர் கையில எரிஞ்ச நூல் ஒரு சாண் நீளம். கம்பளத்து ரோமமோ அரை அங்குல உயரம்கூட இல்லை. அதுலேருந்து ஒரு சாண் நூலை எப்படி உருவ முடியும்? குனிஞ்சப்ப அவர் உள்ளங்கையில என்ன இருந்துச்சு?

கம்பளம் அப்பத்தா கட்டிலடியிலதான் கிடக்கு. கூட்டுறப்பல்லாம் அடியில மாவு மாதிரி கொட்டிக் கிடக்கு. யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

காரைக்குடிக் கதவுத்தாழ்:

வள்ளி, முதல்ல அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. இது எனக்கு முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு பழைய சாமான் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தது. நான் போனது கதவுக்குப் பித்தளைத் தாழ் தேடி. மூலையில ஒரு பழைய கம்பளம் சுருட்டிக் கிடந்துச்சு, ஏதோ வீடு பிரிச்சப்ப வந்ததாம். எனக்கு விலை கேட்கத் தோணுச்சு. அவர் முன்பக்கத்தைக் காட்டவே இல்லை, முதுகைத்தான் விரிச்சார். முன்னால இருக்கிற அதே பூ, அதே கொடி, பின்னாலயும் அச்சு அசலா இருந்துச்சு. ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியா எண்ணலாம். கையால முடிச்சுப் போட்டதுக்கு அதுதான் அடையாளம்னார்.

அப்புறம் கடைசி மடிப்பைப் பிரிச்சார். ஒரு முழ அகலத்துக்கு ரோமமே இல்லை. அந்துப்பூச்சிப் புழு ரோமத்தை மட்டும் தின்னுட்டு, நீளவாக்குல ஓடுற பருத்திப் பாவு நூலை அப்படியே விட்டுட்டுப் போயிருக்கு. பூ இருந்த இடத்துல வெள்ளை நூல் வரிசையா நிக்குது. அத்தனை பேர் விரல் நோக முடிச்சுப் போட்டது, மிதிபட்டுத் தேஞ்சிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். யாரும் மிதிக்காம இருட்டு அறையில சுருட்டி வச்சதாலதான் போச்சு. வெளிச்சமும் நடமாட்டமும் இருக்கிற இடத்துல அந்தப் பூச்சி தங்காது. அந்த வெள்ளை நூல் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

கல்லலூரான்:

நம்ம ஊருக்குக் கம்பளம் எதற்கு என்று யாருமே கேட்கவில்லையே? மார்கழி, தையில்கூட ராத்திரி 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு ஆட்டு ரோமமா? நோன்பன்று இழை (மாவில் வைத்து ஏற்றும் நூல் திரி) எடுத்துக்கொள்ள எத்தனை பேர் ஜமக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம்! அடியில் கோரைப்பாய், மேலே பவானி ஜமக்காளம் இரண்டாக மடித்தது. யாரும் விறைத்துப் போகவில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் அம்மான் வீட்டில் ஒரு அறைக்கு ஏசி வைத்தபோது, சுவரிலிருந்து சுவர் வரை கம்பளம் ஒட்டினார்கள். சில வருஷம் கழித்து மின்வயர் வேலைக்காக ஒரு மூலையைப் பிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரமெல்லாம் அடியில் தங்கி, சிவப்புக் கல் முழுக்க வெள்ளை உப்புப் பூத்திருந்தது. வாடை வாசல் வரை வந்தது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊற வைத்து எடுப்பது. ஈரம் அதற்குள் ஏறும், இறங்கும். மேலே மூடினால் எங்கே போகும்? காரைக்குடிக் கதவுத்தாழ், நீங்கள் பூச்சியைப் பற்றி வருத்தப்படுகிறீர்கள். எனக்கு அந்தத் தரையை நினைத்துத்தான் வருத்தம்.

பள்ளத்தூர் வள்ளி:

திருப்பிப் பாத்துட்டேன். பின்னால பூவும் இல்லை, முடிச்சும் இல்லை. வெள்ளைத் துணி ஒட்டியிருக்கு, அதுக்குள்ளேருந்துதான் மஞ்சள் பொடி கொட்டுது.

கல்லலூரான் அண்ணே, ஜமக்காளம் போட்டுப் பாக்காம இல்லை. எண்ணெய் போட்டுத் துடைச்ச கல்லுல அது வழுக்கிக்கிட்டு ஓடுது. நோன்பன்னிக்குக் கூட்டத்தோட உக்காந்திருக்கிறதும், வயசானவங்க விடிகாலையில தனியா எழுந்து வெறுங்கால் வைக்கிறதும் ஒண்ணா? வெளியே 20 டிகிரின்னாலும் கல்லு காலோட சூட்டை உறிஞ்சுது. அவங்களுக்குத்தான் தெரியும் அந்த வலி.

டொரான்டோவாசி:

வள்ளி சொல்வதுதான் சரி. கல்லும் கம்பளமும் ஒரே அறையில் ஒரே சூட்டில்தான் இருக்கும். கல் நம் காலின் சூட்டை வேகமாகக் கடத்திவிடும், ரோமத்துக்குள் அடைபட்ட காற்று கடத்தாது.

எங்கள் ஆத்தா முதல்முறை இங்கே வந்தது ஒரு சனவரியில். வெளியே -15. தரையில் கால் வைக்க மாட்டேன் என்று சோபாவிலேயே இருந்தார்கள். ஒரு ஈரானியப் பெரியவர் கடைக்குக் கூட்டிப்போனேன். அவர் ஆத்தாவைக் காலுறையைக் கழற்றச் சொல்லி, மூன்று கம்பளத்தின் மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவதில் ஆத்தா கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டார்கள். மேலே மூன்றும் ஒரே ரோமம்தான், மூன்றாவதன் அடியில் மட்டும் தடித்த கம்பளி விரிப்பு இருந்தது.

அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன், காசு குறைவாக இருந்தால் மேலே உள்ளதில் குறைத்து, அடி விரிப்பில் போடுங்கள். கால் அங்குலத் தடிமன் போதும். கம்பளத்தைவிட நாலு பக்கமும் ஓர் அங்குலம் சின்னதாக வெட்ட வேண்டும். வாங்குமுன் கதவு அதன் மேல் திறக்குமா என்று அளந்து பாருங்கள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் போட்டால் நாலு பக்கமும் 2 அடி வெளியே நிற்க வேண்டும், இல்லையென்றால் நாற்காலியை இழுக்கும்போது கால் ஓரத்தில் சிக்கும். தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வீடு என்றால் தடித்த கம்பளமே வேண்டாம், சூட்டை மேலே வர விடாது. பட்டு என்று சொல்லி விஸ்கோஸை (மரக்கூழில் செய்யும் நூல்) தலையில் கட்டுவார்கள். அதை எரித்தால் காகிதம் எரியும் வாடை வரும், தண்ணீர் பட்டால் மஞ்சளாகி விறைத்துவிடும். ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் காய்ந்தது மாதிரியே இருக்கும். புதுக் கம்பளம் கொஞ்ச காலம் பஞ்சு உதிர்க்கும், அது இயல்பு. உதிர்வது பஞ்சா பொடியா என்று பாருங்கள். பொடி என்றால் துணியில் துப்பாக்கி மாதிரிக் கருவியால் நூலைக் குத்தி, ரப்பர் பால் பசையால் ஒட்டியது. அந்தப் பசை காய்ந்தால் உதிரத்தான் செய்யும். வருஷத்துக்கு ஒரு தடவை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள், தேய்மானம் சமமாகும்.

கல்லலூரான்:

டொரான்டோ நண்பரே, சாப்பாட்டு மேசைக்கும் வெந்நீர்க் குழாய்க்கும் பள்ளத்தூரில் என்ன வேலை? அந்த அம்மாவுக்குக் கட்டிலடியில் இரண்டடி இடம்தான் வேண்டும். மழை ஈரத்துக்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை.

தேவகோட்டை ஆச்சி:

ரெண்டு பேரும் சண்டை போடாதீங்கப்பா. வள்ளி, நீ கம்பளம் அசலா போலியான்னு மட்டும் பாக்குற. நான் பயப்படுறது அதோட குஞ்சத்துக்கு. எங்க மாமியார் ராத்திரி எழுந்தப்போ, கால் கட்டைவிரல் குஞ்சத்துல மாட்டிக்கிச்சு. நான் வெளக்கைப் போடுறதுக்குள்ள விழுந்துட்டாங்க. விழுந்த பிறகும் விரல் அந்த நூலுக்குள்ளதான் இருந்துச்சு, நான்தான் குனிஞ்சு எடுத்து விட்டேன். இடுப்பு எலும்பு போச்சு, அப்புறம் அவங்க நடக்கவே இல்லை.

அசலாக் கையால முடிச்சுப் போட்டதா இருந்தா குஞ்சத்தை வெட்டக் கூடாது. அது பாவு நூலோட நுனி, வெட்டினா முடிச்செல்லாம் அவிழும். உன்னோடது துணி ஒட்டினதுங்கிறதால குஞ்சம் தனியாத் தச்சது, தாராளமா வெட்டலாம். தம்பி கேட்ட ஈரத்துக்கும் வழி இருக்கு. அடியில ரப்பர் ஷீட் வேண்டாம், கல்லுல கறை புடிக்கும். ஓட்டை ஓட்டையா வலை மாதிரி விக்கிற விரிப்பு போடு, வழுக்காது, காத்தும் போகும். காலையில கோலம் போட்டு வந்ததும் சுருட்டி எடுத்து நட்டுக்குத்தா நிறுத்திடு, தரை காயட்டும். மழைக்காலம் முடியிற வரைக்கும் எடுத்தே வை, வெயில் வந்ததும் வளவுல போட்டு ரெண்டு பக்கமும் காய வை. அப்பத்தா எந்தப் பக்கம் இறங்குறாங்கன்னு பாத்து அந்தப் பக்கம் மட்டும் போடு. குஞ்சத்தை மட்டும் நாளைக்குன்னு தள்ளாதே, இன்னைக்கே வெட்டி ஓரத்தை மடிச்சுத் தச்சிடு.