புதுப்பிப்பு: முதல் ஒலி விளையாட்டு, மூன்று வாரங்களுக்குப் பிறகு

நான்கரை வயது மகள் அட்டையைப் பார்த்து 'ப' என்கிறாள், ஆனால் 'பல்' எந்த ஒலியில் தொடங்குகிறது என்றால் விழிக்கிறாள் என்று முன்பு புலம்பியிருந்தேன். அட்டையை ஒதுக்கிவிட்டுக் காதுக்கு வேலை கொடுங்கள் என்றீர்கள். கொடுத்தேன்.

ஒரு துணிப்பை, உள்ளே சில பொருள்கள். கையை விட்டு ஒன்றை எடுத்துப் பெயர் சொல்ல வேண்டும். முதலில் மணி, நூல் போன்றவை மட்டும். 'ம்ம்ம்மணி' என்று இழுக்கலாம். க, த, ப ஆகியவற்றை அப்படி இழுக்க முடியாது, வாயைத் திறந்ததுமே முடிந்துவிடும். இழுவையே அவளுக்குப் பாதி விளையாட்டு. நான்காம் நாளே பிடித்துக்கொண்டாள்.

அடுத்து, ஒரே ஒலியில் தொடங்கும் பொருள்களை ஒரே குவியலில் சேர்க்க வேண்டும். சிக்கல் பந்தில் வந்தது. பல் துலக்கும் பிரஷ், பை, பூட்டு எல்லாம் ஒரு குவியல். பந்தை மட்டும் அதில் சேர்க்க மறுத்தாள். திருத்த வாயெடுத்தேன். 'பந்து' என்று நானே சொல்லிப் பார்த்தபோதுதான் உறைத்தது: பல்லில் இல்லாத அதிர்வு பந்தில் தொண்டையில் தொடக்கத்திலேயே வருகிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. அவள் காது சரி, என் பாடம்தான் தவறு. இப்போது பந்தும் பொம்மையும் பஸ்ஸும் தனிக் குவியல்.

ழ, ள, ண பற்றிக் கேட்டிருந்தவருக்கு: தமிழ்ச் சொற்கள் அவற்றில் தொடங்குவதில்லை, பைக்குள் தேடவே வேண்டாம்.

சாவியும் சீப்பும் ஒரே குவியல் என்பதை அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 'சா வேறே, சீ வேறே' என்கிறாள்.