மறுமொழி: பாலின ஹார்மோன்களின் ‘பாதுகாப்பு விளைவு’

நண்பர்களுக்கு வணக்கம். தண்டுவட மரப்பு (multiple sclerosis; மூளை, தண்டுவட நரம்பிழைகளின் உறையை நம் நோயெதிர்ப்பு அணுக்களே தாக்கும் நோய்) பற்றிய தலைப்பைத் தமிழில் எப்படி வைப்பது என்ற நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> "தண்டுவட மரப்பு நோயில் பாலின ஹார்மோன்களின் பாதுகாப்பு விளைவு" என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு மாதிரிப் புரிந்துவிடும் என்பதுதான் என் கவலை. மருந்தைப் பற்றிய பேச்சில் ‘பாதுகாப்பு’ என்று வந்தால், அது உடம்புக்குக் கெடுதல் செய்யுமா செய்யாதா என்ற பொருளில்தான் நம் ஆட்கள் படிப்பார்கள். தடுப்பூசியின் பாதுகாப்பு என்று செய்தித்தாளில் எழுதுவதும் அதைத்தான். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கு இப்படி எழுதினால், நோயோடு போராடும் ஒரு பெண் அதைப் பயமில்லாமல் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு வேறு வேலைகளை ஒரே சொல்லில் அடைப்பது. முதல் வேலை, நம் நோயெதிர்ப்பு அணுக்களே நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குவது தணிவது. 1998இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் 12 நாடுகளைச் சேர்ந்த 254 பெண்களைக் கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் கவனித்தார்கள். கர்ப்பத்துக்கு முன் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரி 0.7 முறை நோய் திரும்பத் தாக்கியது; கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அந்த வீதம் 0.2க்கு இறங்கி, பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதங்களில் 1.2க்கு ஏறிவிட்டது. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி வழியாகக் கூடும் ஈஸ்ட்ரியால் என்ற ஒருவகை ஈஸ்ட்ரோஜன் பிரசவத்தோடு சட்டென்று விழுந்துவிடும், அதனால்தான் அதையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள்.

இரண்டாவது வேலை வேறு. 2007இல் லாஸ் ஏஞ்சலிஸில் இந்த நோயுள்ள 10 ஆண்களுக்கு ஓராண்டு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கலந்த ஜெல் தினமும் பூசக் கொடுத்தார்கள். ஸ்கேனில் அழற்சித் திட்டுகள் குறிப்பிடும்படி குறையவில்லை, ஆனாலும் மூளை சுருங்கும் வேகம் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஒப்பிட வேறு குழுவும் கிடையாது, அதை வைத்து மருந்து எழுத முடியாது. ஆனால் கலைச்சொல்லுக்கு இது முக்கியம்: தாக்குதல் அப்படியே இருக்க, தாக்கப்படும் அணு தாக்குப்பிடிப்பது என்று ஒன்று தனியாக இருக்கக்கூடும் என்றால், அதற்குத் தனிப்பெயர் வேண்டாமா?

ஆகவே முதலாவதற்குத் ‘தாக்குத்தணிப்பு’, இரண்டாவதற்கு ‘நரம்பணுக்காப்பு’ என்று முன்மொழிகிறேன். ‘நரம்புக்காப்பு’ போதாதா என்று கேட்பீர்கள். வார்டில் ஊசி போட வரும் செவிலியர் கையைத் தட்டிப் பார்த்து "நரம்பே கிடைக்கலியேம்மா" என்று சொல்வது ரத்தக்குழாயைத்தான்; நோயாளிக்கும் அதுதான் நரம்பு. ‘அணு’ சேர்ந்தால் அந்தக் குழப்பம் போய்விடும். காப்பு என்றால் வளையல் அல்லவா என்று ஒருவர் எழுதியிருந்தார். காப்பீடும் காப்புரிமையும் புழங்கும் இடத்தில் இது யாரையும் தடுக்காது.

அப்புறம், ‘பாலியல்’ வேண்டாம், ‘பாலின’ என்றே இருக்கட்டும். ‘தண்டுவட மரப்பு’ மூளையை விட்டுவிடுகிறது என்பது உண்மைதான், ஆனால் ஓரளவு ஊன்றிவிட்ட சொல், இப்போது கலைக்க வேண்டாம்.

தலைப்பு இப்படி: ‘தண்டுவட மரப்பில் பாலின ஹார்மோன்கள்: தாக்குத்தணிப்பும் நரம்பணுக்காப்பும்’. உரிந்த மயலின் திரும்ப உருவாவதற்கு ‘உறைமீட்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், உடலியங்கியல் படித்தவர்கள் அதைச் சோதித்துச் சொல்லுங்கள்.