ஊர்க்கோடி வயலில் 45 வீடு: எதிர்ப்பதா, விட்டுவிடுவதா?

ஓக்மரத்தடி:
இங்கிலாந்தின் சஃபோக்கில் 180 வீடுகள் உள்ள ஒரு சின்ன ஊரில் 11 வருடமாக இருக்கிறோம். ஒரு சர்ச், ஒரு பப், 46 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி, காலையும் மாலையும் ஒவ்வொரு பஸ். அவ்வளவுதான் ஊர். போன வாரம் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது வேலிக் கம்பத்தில் மஞ்சள் காகிதம் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் கட்டியிருந்தது. ஊர்க்கோடி வயலில் 45 வீடு கட்ட அவுட்லைன் அனுமதி (கட்டலாமா என்பது மட்டும் இப்போது, விவரமெல்லாம் பிறகு) கேட்டிருக்கிறார்கள். ஆட்சேபம் எழுத 21 நாள். எங்கள் பின்வாசல் காட்சியே போய்விடும், வீட்டு விலை விழும், ஒற்றைத் தடச் சாலை தாங்காது, மழைக்காலத்தில் அந்த மூலையில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கும். ஊரே கையெழுத்து வேட்டையில் இருக்கிறது. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செங்கல்சூளை:
கட்டுபவர்கள் பக்கம் நின்று இந்த விண்ணப்பங்களைத் தயாரிப்பதுதான் 14 வருடமாக என் பிழைப்பு. அதனால் என்னை நம்பாவிட்டாலும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நான்கு காரணங்களில் முதல் இரண்டையும் அதிகாரி படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். 1947 சட்டம் வந்ததிலிருந்து நிலம் சொந்தக்காரருடையது, அதில் கட்டும் உரிமை மட்டும் அரசின் கையில். அடுத்தவன் வயலைப் பார்க்கும் உரிமை யார் கையிலும் இல்லை. வீட்டு விலையும் கணக்கில் வராது. சாலை, வடிகால், எட்டிப் பார்க்கும் ஜன்னல், பழைய கட்டடங்களின் சூழல், இவை எடுபடும். 200 பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுவதைவிட வாய்க்காலைப் பற்றி ஒருவர் ஒழுங்காக எழுதினால் போதும்.

அப்புறம், நியூட் (சட்டம் பாதுகாக்கும் நீர்ப்பல்லி) இருக்கிறது, நியூட் இருக்கிறது என்று குட்டைக்குக் குட்டை அலையாதீர்கள். பல மாவட்டங்களில் கட்டணம் கட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டு வேலையை ஆரம்பித்துவிடலாம்.

ஓக்மரத்தடி:
ஆக, ஆட்டம் உங்களுக்கு என்றே அமைத்தது. கவுன்சில் மறுத்தால் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போய், அதை விசாரிக்கும் ஒரு அரசு இன்ஸ்பெக்டரைக் கொண்டுவரும். அனுமதி கொடுத்துவிட்டால் எங்களுக்கு மேல்முறையீடே கிடையாது. ஆறு வாரத்துக்குள் ஹைகோர்ட் போகலாம், அதுவும் சட்டப் பிழை இருந்தால். அந்த வக்கீல் செலவுக்குப் பின்வாசலை விற்க வேண்டும்.

மல்லிகைக்கொடி:
அண்ணா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உங்கள் ஊர் மாதிரி ஊர்களில்தான் நான் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துவிட்டு வருகிறேன். காலை ஏழு மணிக்கு முதல் வீடு. 26 மைல் தள்ளி டவுனில் ஒரு அறை வாடகை, பெட்ரோல் என் கையிலிருந்து. நான் போகும் ஊரில் வாடகைக்கு ஒரு வீடு வந்து மூன்று வருடமாகிறது. அதுவும் விடுமுறைக்காரர்களுக்குப் போய்விட்டது. போன மாதம் ஒரு பாட்டி, ‘நீ இங்கேயே குடிவந்துவிடேன்’ என்றார். அவர் வீட்டு ஜன்னலில்தான் ‘எங்கள் வயலைக் காப்பாற்றுங்கள்’ அட்டை ஒட்டியிருந்தது.

46 பிள்ளைகள் என்கிறீர்களே, ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள்?

வரப்போரம்:
மல்லிகை சொல்வது நியாயம்தான். ஆனால் இந்த 45 வீடு அவருக்குக் கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ‘அஃபோர்டபிள்’ (கட்டுப்படியாகும் வீடு) என்ற பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். அந்த வகையில் ஒன்றின் வாடகை சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை போகலாம். சந்தையே வானத்தில் இருந்தால் 80 சதவீதம் கூரையில் இருக்கும். எங்கள் ஊரில் அந்த வகையில் 12 வீடு தருவதாகக் கையெழுத்திட்ட கம்பெனி, அனுமதி கிடைத்ததும் கணக்கைக் காட்டி, லாபம் கட்டுப்படியாகவில்லை என்று நான்காகக் குறைத்துக்கொண்டது. கல் பதித்த முகப்பு மட்டும் படத்தில் இருந்தபடியே வந்தது.

எனக்குத் தெரிந்த நல்ல வழி ‘ரூரல் எக்செப்ஷன்’ நிலம். ஊரை ஒட்டிய, வழக்கமாக வீட்டுக்கு அனுமதி கிடைக்காத துண்டில், அந்த ஊரோடு தொடர்புள்ளவர்களுக்காக எட்டு, பத்து வீடு. அனுமதிக்கு வாய்ப்பில்லாத நிலம் என்பதால் விலையும் வயல் விலையை ஒட்டியே நிற்கும்.

செங்கல்சூளை:
நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலைக்கு விற்க மனசு வரும் விவசாயி வேண்டுமே. பக்கத்து வயல்காரர் பல மடங்கு வாங்குவதைப் பார்த்தபின் யார் கொடுப்பார்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பரில் தேசியக் கொள்கையைத் திருத்தி வீட்டு இலக்கைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். இந்தப் பாராளுமன்றக் காலத்தில் 15 லட்சம் வீடு என்பது அரசின் வாக்கு. ஐந்து வருடத்துக்குத் தேவையான நிலம் தயாராக இருப்பதை மாவட்ட கவுன்சில் காட்ட முடியாவிட்டால் தராசு அனுமதிப் பக்கம் சாய்ந்துவிடும். உங்கள் மாவட்டக் கணக்கை முதலில் பாருங்கள். உங்கள் ஊருக்குச் சொந்தமாக நெய்பர்ஹுட் பிளான், அதாவது எங்கே என்ன கட்டலாம் என்று ஊரே வகுக்கும் திட்டம், இருக்கிறதா?

ஓக்மரத்தடி:
2019-இல் ஆரம்பித்தோம். எட்டுக் கூட்டம் நடந்தது. எந்த வயலில் கட்டலாம் என்று குறிக்கும் கட்டம் வந்ததும் ஆளாளுக்குச் சண்டை. பிறகு கோவிட் வந்தது, கோப்பு பாரிஷ் கவுன்சில் (ஊர் மன்றம்) அலமாரிக்குப் போனது. நானும் அந்தக் குழுவில் இருந்தேன்.

செங்கல்சூளை:
எந்த வயல் என்று நீங்கள் கை காட்டவில்லை, கம்பெனி காட்டிவிட்டது. நெய்பர்ஹுட் பிளான் 2011 சட்டத்தில் வந்த வசதி. ஊர் வாக்கெடுப்பில் தேறி, ஐந்து வருடத்துக்கு மேற்படாமல், தன் பங்கு வீடுகளுக்கு இடமும் ஒதுக்கிய பிளான் இருந்தால், அந்தச் சாய்ந்த தராசிலிருந்து பெரும்பாலும் தப்பலாம். கட்டுமான வரி வசூலிக்கும் மாவட்டங்களில் சாதாரணமாக அந்த வரியில் 15 சதவீதம் பாரிஷுக்கு வரும், பிளான் இருந்தால் 25.

வரப்போரம்:
கார்ன்வாலில் விடுமுறை வீடுகள் நிறைந்த கடலோர ஊரான செயின்ட் ஐவ்ஸ்காரர்கள் செய்ததையும் சொல்லுங்கள். 2016 வாக்கெடுப்பில் 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. புது வீடு நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று பிளானிலேயே எழுதிவைத்தார்கள். ஹைகோர்ட்டிலும் நின்றது.

செங்கல்சூளை:
புது வீட்டுக்கு மட்டும்தானே அந்த விதி? விடுமுறை வீடு வேண்டியவருக்குத் துறைமுகத்தை ஒட்டிய பழைய வீடு திறந்தே கிடக்கிறது. எந்தப் பூட்டுக்கும் ஒரு கொல்லைக் கதவு உண்டு.

ஓக்மரத்தடி:
சரி, கடிதத்தை மாற்றி எழுதுகிறேன். பின்வாசல் காட்சி, வீட்டு விலை இரண்டையும் எடுத்தாயிற்று. பிப்ரவரியில் அந்த மூலையில் தண்ணீர் ரப்பர் பூட்ஸின் விளிம்பைத் தாண்டியதை என் மனைவி வீடியோ எடுத்திருக்கிறாள். தபால் வேன் பாதி வழியில் திரும்பிப் போவதும் அதில் இருக்கிறது. உதவுமா?

செங்கல்சூளை:
கட்டாயம். தேதியோடு படங்களாக எடுத்து, வரைபடத்தில் இடத்தைக் குறித்து அனுப்புங்கள். ஒரு பிரதி கவுன்ட்டி கவுன்சிலின் வெள்ளப் பிரிவுக்கும் போகட்டும். இந்த அளவு விண்ணப்பத்தில் மழைநீர் பற்றி அவர்களிடம் கேட்டாக வேண்டும். என் கம்பெனிக்காரர்கள் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

மல்லிகைக்கொடி:
வடிகாலைச் சரிசெய்து கொடுத்தால் சம்மதிப்பீர்களா அண்ணா?

ஓக்மரத்தடி:
45 ரொம்ப அதிகம் தங்கச்சி. 20 என்றால் யோசிக்கலாம்.

மல்லிகைக்கொடி:
அந்த 20-இல் வாடகைக்கு எத்தனை?