விவசாய ஆர்பிஜி (ஒரு பாத்திரமா மாறி ஆடுற வீடியோ கேம்) கதை: நாயகனுக்கு நினைவு போயே ஆகணுமா?

ராயக்கோட்டை ராகி: நான் எழுதுற கேமுக்கு கிருஷ்ணகிரி மாந்தோப்புதான் களம். நினைவிழந்த நாயகன்னு தொடங்கினா புளிச்சுப்போயிடுமா?

பையூர்க்காரன்: 2006ல வந்த முதல் ரூன் ஃபேக்டரி விவசாய கேமே அப்படித்தான். ஊர்க்காரங்க எல்லாத்தையும் விளக்க ஒரு சாக்கு, அவ்வளவே. ஸ்டார்டியூ வேலிங்கிற பண்ணை கேம்ல, ஆடுறவருக்குப் பண்ணையை விட்டுட்டுப்போற தாத்தாவோட கடிதம் அதே வேலையைச் செய்யுது. மூணாம் வருஷத் தொடக்கத்துல அவர் ஆவியா வந்து பண்ணையை எடைபோடுவார். தோப்புக்கு இதுதான் ஒட்டும்.

அரூர் ஆட்டக்காரி: சிக்கல் நட்புக் காட்சியில, அதாவது ஊர்க்காரரோட நட்பு வளர்ந்தா திறக்குற காட்சியில வரும்ணா. ஸ்டார்டியூவில நட்பை இதயக் கணக்குல அளப்பாங்க, ஒரு இதயத்துக்கு 250 புள்ளி. ஒருத்தருக்கு வாரம் 2 பரிசுதான், பிறந்தநாள் தனி. வரம்பு வைக்கலேன்னா பரிசா கொட்டி நாலே நாளில் கதையை முடிச்சிடுவாங்க. காட்சியைத் தேதியில பூட்டாதீங்க, தவறினா ஒரு வருஷம் போச்சு. இடம், நேரம், மழை போதும்.

பையூர்க்காரன்: ஆமா, அந்த கேம்கள்ல வர்ற மாதிரி நாலு பருவமும் வேண்டாம். ஆடிப்பட்டத்துல கேழ்வரகு, தையில மாம்பூ. கன்று காய்க்க வருஷங்களாகும். தாத்தா நட்ட மரமா வச்சிடுங்க.